பாட்டோடு சேர்ந்து பாடும் டைனமோ

செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி போகிற நெடுஞ்சாலையில் ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். செல்போனை ஆக்ஸ் ஒயரில் காரின் செட்டோடு இணைத்து, பழைய பாட்டு ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள். பாட்டு சுத்தமாகக் கேட்கும். சார்ஜ் இறங்குகிறதே என்று அதே போனில் சார்ஜரையும் செருகுங்கள். பல கார்களில் அந்த நொடியிலேயே பாட்டுக்குள் மெல்லிசாக ஒரு 'ஙொய்ங்' நுழைந்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறும். காலை எடுத்தால் இறங்கும். சார்ஜரைப் பிடுங்கினால் அதுவும் போய்விடும்.

யோசித்தால் இது விசித்திரம். பாட்டு வருவது ஒரு ஒயரில், சார்ஜ் வருவது வேறொரு ஒயரில். இன்ஜினோ பானெட்டுக்குள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றும் எங்கே கைகோத்தன? அந்த விசில் யாருடைய குரல்? சார்ஜர் அதற்கு எப்படிக் கதவு திறந்தது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால், கார் ஆடியோவில் வரும் முக்கால்வாசி இரைச்சலை நாமே கண்டுபிடித்துவிடலாம். கடைக்காரர் நீட்டும் ஃபில்டரை வாங்கும் அவசியமும் பெரும்பாலும் இருக்காது.

மூன்று உலக்கை, ஓர் உரல்

முதலில் குரலுக்குச் சொந்தக்காரர். மெக்கானிக்குகள் இன்றும் 'டைனமோ' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் கார்களில் இருந்தது டைனமோவேதான். சிலிக்கான் டையோடுகள் மலிவான பிறகு, 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் ஆல்டர்னேட்டரைப் பயணிகள் காருக்குக் கொண்டுவந்தது. பொருள் மாறியது, பெயர் மட்டும் பட்டறையில் தங்கிவிட்டது. சென்னைக்காரர்களுக்கு இது அயல்சரக்கு அல்ல. 1961-இல் தொடங்கப்பட்ட, சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ், செல்ஃப் மோட்டாருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பெயர் பெற்ற நிறுவனம்.

ஆல்டர்னேட்டருக்குள் ஒரு மின்காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றுவது இன்ஜினின் பெல்ட். காந்தத்தைச் சுற்றி மூன்று சுருள்கள். ஒவ்வொன்றிலும் மின்சாரம் முன்னும் பின்னுமாக அலைகிறது. இது மாறுதிசை மின்சாரம், பேட்டரிக்கு ஆகாது. அதற்கு ஒரே திசையில் பாயும் நேர்திசை மின்சாரம் வேண்டும். அதனால் ஆறு டையோடுகளை வைக்கிறார்கள். டையோடு என்பது கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி: ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. மூன்று சுருள், ஒவ்வொன்றுக்கும் போக ஒன்று, வர ஒன்று என ஆறு வால்வுகள்.

விளைவு என்ன? ஓர் உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை இடைவிடாமல் நடக்கும். ஆனால் 'தொம் தொம்' என்ற அதிர்வு நிற்காது. ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமும் அப்படித்தான். மீட்டரில் 14 வோல்ட் என்று நேர்கோடு போலத் தெரியும். உண்மையில் அதன் முதுகில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக ஓடும். இதை ரிப்பிள் என்பார்கள். நாம் 'நெளிவு' என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி ஓர் ஏரி மாதிரி இந்த நெளிவைப் பெருமளவு உள்வாங்கி அடக்கிவிடும். மிச்சம் வருவதுதான் நம் விசில்.

சுருதி ஒரு கைரேகை

அது ஆல்டர்னேட்டரின் குரல்தான் என்று எப்படித் தெரியும்? எண்ணிப் பார்த்தால் தெரியும்.

சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஆல்டர்னேட்டரின் புல்லி சிறியது என்பதால் அது சுமார் இரண்டரை மடங்கு வேகமாக, நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும். நொடிக்கு 33 சுற்று. பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களில் காந்தத்துக்கு 12 முனைகள், அதாவது 6 ஜோடி. ஒரு சுற்றுக்கு 6 அலை. ஒவ்வோர் அலையும் ஆறு டையோடு வழியே வரும்போது 6 மேடாகிறது. ஆக ஒரு சுற்றுக்கு 36 மேடு, நொடிக்குச் சுமார் 1,200 மேடு.

நொடிக்கு 1,200 துடிப்பு என்றால் காதுக்கு அது ஒரு விசில். இன்ஜினை 3,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் கணக்கு 4,500-ஐத் தொடும். நமக்குப் போதாத காலம், மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதே 2,000-க்கும் 5,000-க்கும் நடுவில்தான். வேறொரு சுருதியில் வந்திருந்தால் கவனிக்காமல் விட்டிருப்போம்.

செல்போனில் ஒலியின் அலைவெண்ணை வரைந்துகாட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. காரை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். திரையில் விசிலின் கூர்முனை இன்ஜின் வேகத்தோடு அதே விகிதத்தில் நகரும். வேகம் இரண்டு மடங்கானால் அதுவும் இரண்டு மடங்கு. காரின் மற்ற பல சத்தங்களுக்கு இந்த ஒழுக்கம் கிடையாது. பெட்ரோல் பம்பின் முனகல் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப இப்படி ஏறி இறங்காது. ஏ.சி. ஊதுவிசிறியின் சத்தம் விசிறிக் குமிழைத் திருப்பினால் மாறும். இண்டிகேட்டர் போடும்போது மட்டும் 'டிக் டிக்' வந்தால் அது யார் என்று சொல்லவே வேண்டாம். இரைச்சல் தன் விலாசத்தைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறது. கேட்கிற பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எர்த் என்ற பொய்

இனி முக்கியமான கேள்வி. பேட்டரிப் பக்கம் நெளிந்துகொண்டிருப்பது பாட்டுக்குள் எப்படி நுழைகிறது?

ஒரு பல்பு எரிய இரண்டு ஒயர் வேண்டும், மின்சாரம் போக ஒன்று, திரும்ப ஒன்று. ஆனால் காரில் பல சாதனங்களுக்குப் போகிற வழிக்குத்தான் தனி ஒயர். திரும்பும் வழி காரின் இரும்பு உடம்பே. பேட்டரியின் மைனஸ் முனையைத் தடித்த ஒயரால் பாடியோடு முடுக்கியிருப்பார்கள். பட்டறை மொழியில் இது 'பாடி எர்த்'. கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்ரயிலிலும் இதே ஏற்பாடுதான். தலைக்கு மேலே ஒற்றைக் கம்பியில் 25,000 வோல்ட், திரும்பும் வழிக்குத் தண்டவாளம்.

'எர்த்' என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. கார் நிற்பது ரப்பர் டயரின் மேல். அதற்கும் மண்ணுக்கும் சம்பந்தமில்லை. எர்த் என்றால் பூஜ்யம், எங்கே தொட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு பொதுவழி. ஹெட்லைட், ஊதுவிசிறி, பாட்டைப் பெரிதாக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), இன்ஜின் கம்ப்யூட்டர் என எல்லாருடைய மின்சாரமும் திரும்பிவரும் வடிகால்.

வயல் வடிகாலைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது வாய்க்கால் முழுக்க ஒரே மட்டம். பத்து வயலும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் மேற்பக்கம் மட்டம் உயரும், கீழ்ப்பக்கம் தாழும். நடுவில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் கூடும். அப்போது மேற்கரையில் நிற்பவர் தன் காலடித் தண்ணீரைப் பூஜ்யம் என்று வைத்து அளந்தால், கீழ்க்கரையில் நிற்பவரின் பூஜ்யத்தோடு அது ஒத்துப்போகாது. காரில் துருப்பிடித்த போல்ட்டும், பெயின்ட்டின் மேல் முடுக்கிய முனையும்தான் அந்த ஆகாயத்தாமரை.

எவ்வளவு வித்தியாசம் வரும்? ஓர் ஆம்ப் 20 ஆம்பியர் இழுக்கிறது, அதன் எர்த் இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு மின்தடை இருக்கிறது என்றால் 0.2 வோல்ட். இதைப் பொருட்படுத்த வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஆக்ஸ் ஒயரில் வரும் பாட்டே உச்சத்தில் ஒரு வோல்ட் அளவுதான். மெல்லிய வயலின் இழையெல்லாம் சில மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. காது கேட்கும் மிகச் சிறிய ஒலிக்கும் வலிக்கச் செய்யும் ஒலிக்கும் நடுவே அழுத்தத்தில் பத்து லட்சம் மடங்கு இடைவெளி. அப்படிப்பட்ட காதுக்கு, பாட்டின் நூறில் ஒரு பங்கு இரைச்சல் என்பது சோற்றில் கிடக்கும் கல்.

இப்போது சார்ஜருக்கு வருவோம். தன் பேட்டரியில் ஓடும் போன், வாய்க்காலில் மிதக்கும் படகு. ஆக்ஸ் ஒயரின் வெளிப்பின்னல் அதைச் செட்டோடு கட்டிய கயிறு. செட்டின் மட்டம் ஏறினால் படகும் ஏறும், இறங்கினால் இறங்கும். இருவருக்கும் ஒரே பூஜ்யம், பாட்டு சுத்தம். சார்ஜரைச் செருகியதும் படகை வேறொரு இடத்தில் கரையோடு சேர்த்து ஆணி அடித்துவிடுகிறோம். செட்டின் மட்டம் ஒன்று, சார்ஜர் துளையின் மட்டம் வேறு. அந்த வித்தியாசம் பாட்டுக் கம்பியின் மெல்லிய பின்னலில் ஓடித் தீர்த்துக்கொள்கிறது. ஓடும்போது தன் நெளிவைப் பாட்டோடு கலந்துவிடுகிறது.

இதை எர்த் லூப் என்பார்கள், தமிழில் 'எர்த் வளையம்' எனலாம். செட்டிலிருந்து ஒயர் வழியே போன், போனிலிருந்து சார்ஜர், சார்ஜரிலிருந்து பாடி வழியே மறுபடி செட் என்று ஒரு முழு வட்டம். வட்டத்தை எங்கே அறுத்தாலும் விசில் நிற்கும். சார்ஜரைப் பிடுங்கலாம். புளூடூத்தில் பாட்டு கேட்கலாம், ஒயரே இல்லை என்றால் வளையம் ஏது? நடுவில் 'ஐசொலேட்டர்' என்ற சின்ன டப்பாவையும் மாட்டலாம். அதற்குள் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள்கள் இருக்கும். ஒன்றில் ஓடும் பாட்டு மற்றொன்றில் காந்தத்தின் வழியே எழும். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம். மலிவான டப்பாவானால் தாழ்ந்த சுருதியின் கனம் குறையும், அது அதன் விலை.

கவரைப்பேட்டைப் பட்டறையில் ஒரு மாலை

கவரைப்பேட்டை பக்கம் சாலையோரப் பட்டறை ஒன்றில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இந்த வேலையைச் செய்வதை ஒரு மாலை முழுக்க நின்று பார்த்தேன். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வந்த இளைஞரின் பெட்ரோல் கார். பின்சீட்டுக்கு அடியில் புதிதாக ஓர் ஆம்ப், டிக்கியில் ஊஃபர். பொருத்திய நாளிலிருந்து விசில். ஒரு கடையில் ஃபில்டர் வாங்கிப் போட்டாயிற்று, செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. ஒயரையும் தடித்ததாக மாற்றியாயிற்று. விசில் அப்படியே இருந்தது.

"ஆல்டர்னேட்டரே மாத்தணும்னு சொல்றாங்கண்ணே."

"இருப்பா தம்பி. முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணு. சாவியை மட்டும் ஒரு திருகு திருகு."

செட் ஓடியது, விசில் இல்லை. ஆக, இன்ஜினோடு சம்பந்தப்பட்டதுதான். மறுபடி இன்ஜினைப் போட்டு, வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கச் சொன்னார். பாட்டு போய்விட்டது, விசில் துளியும் குறையாமல் நின்றது. "வால்யூமுக்குக் கட்டுப்படல பாத்தியா? அதுக்கு அப்புறம்தான் உள்ள நுழையுது" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. குழாய் எங்கோ கசிகிறது என்றால் முழு நீளத்தையும் தோண்டமாட்டார்கள். நடு வால்வை மூடிப் பார்ப்பார்கள். கசிவு நின்றால் கோளாறு அந்தப் பக்கம், நிற்காவிட்டால் இந்தப் பக்கம். பாட்டு போகும் பாதையில் வால்யூம் குமிழ்தான் நடு வால்வு. அதோடு சேர்ந்து இரைச்சலும் ஏறி இறங்கினால் அது குமிழுக்கு முன்னாலேயே கலந்துவிட்டது. அசையாமல் நின்றால் குமிழுக்குப் பிறகு, அதாவது ஆர்.சி.ஏ. ஒயரிலோ ஆம்பிலோ கலக்கிறது.

அடுத்து, செட்டை அணைத்துவிட்டு ஆம்பிலிருந்து ஆர்.சி.ஏ. ஒயர்களைப் பிடுங்கினார். டப்பாவிலிருந்து இரண்டு பிளக்குகளை எடுத்தார். நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சேர்த்து அவரே ஈயம் வைத்தவை. அவற்றைச் செருகினால் ஆம்பின் வாயை அடைத்த மாதிரி, உள்ளே எதுவும் போகாது. இன்ஜினைப் போட்டார். நிசப்தம். ஆம்புக்கு வரும் பவர் ஒயர் வழியாக விசில் வரவில்லை என்று அர்த்தம். கடைக்காரர் கொடுத்த ஃபில்டர் அந்த ஒயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. திருடன் கொல்லைப்புறமாக வரும்போது வாசலுக்குப் பூட்டு போட்ட கதை.

பிறகு தன் பழைய செல்போனை, அதன் சொந்த பேட்டரியிலேயே, நேராக ஆம்பில் இணைத்தார். பாட்டு பளிங்கு மாதிரி வந்தது. ஆம்ப் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கரும் நன்றாக இருக்கிறது. முன்னாலுள்ள செட்டும் பின்னாலுள்ள ஆம்பும் ஒயரால் கைகோக்கும்போது மட்டும் விசில் வருகிறது. எர்த் வளையம்தான்.

கடைசியாக மல்டிமீட்டர். பேட்டரியின் மைனஸில் நீண்ட ஒயரோடு ஒரு முனை, ஆம்பின் எர்த் முனையில் மறுமுனை. இன்ஜின், ஹெட்லைட், ஊதுவிசிறி, பாட்டு எல்லாவற்றையும் ஓடவிட்டார். 240 மில்லிவோல்ட். "இது முப்பது நாப்பதுக்குள்ள இருக்கணும் சார்" என்றார் என்னைப் பார்த்து.

மின்தடையை நேராக ஓமிலேயே அளந்துவிடலாமே என்று கேட்டேன். சிரித்தார். அவர் சொன்னதன் சாரம் இது: நாம் தேடும் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு. மீட்டரின் ஒயருக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. அதனால் ஓமில் வைத்தால் நல்ல எர்த்தும் கெட்ட எர்த்தும் ஒரே மாதிரி காட்டும். வழியில் நிறைய மின்சாரத்தை ஓடவிட்டு, எங்கே எவ்வளவு வோல்ட் தேங்குகிறது என்று பார்த்தால்தான் அடைப்பு தெரியும். வறண்ட வாய்க்காலில் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.

சீட்டைக் கழற்றியதும் குற்றவாளி தெரிந்தது. சீட் போல்ட்டுக்கு அடியில், பெயின்ட்டின் மேலேயே எர்த் முனையை முடுக்கியிருந்தார்கள். விளிம்பில் செந்துரு வேறு. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை உப்புக்காற்று அடிக்கிற பக்கம், இரும்பு சீக்கிரம் தளர்ந்துபோகும். பக்கத்திலேயே வேறோர் இடத்தில் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். பல் வைத்த வாஷரோடு முனையை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மீட்டரில் 30. விசில் இல்லை.

ஆம்பின் கெயினையும் பாதியாகக் குறைத்துவிட்டு, முன்னாலுள்ள செட்டின் வால்யூமைக் கூட்டினார். கெயின் என்பது இரண்டாவது வால்யூம் அல்ல. பேருந்து நிலையத்தில் ஒருவர் கிசுகிசுப்பதை மைக்கில் பெரிதாக்கினால் சுற்றியுள்ள சத்தமும் சேர்ந்துதான் பெரிதாகும். அவரையே உரக்கப் பேசச் சொல்லிவிட்டு மைக்கைக் குறைப்பதுதான் புத்தி. செட்டிலிருந்து பாட்டு உரக்கக் கிளம்பினால் வழியில் கலக்கும் இரைச்சல் அதன் முன்னே சிறுத்துப்போகும்.

போகிற போக்கில் ஆல்டர்னேட்டரையும் சோதித்தார். பேட்டரி முனைகளில் மீட்டரை மாறுதிசை மின்சாரப் பக்கம் திருப்பினால் நெளிவின் அளவு தெரியும். 0.04 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினால்தான் டையோடு ஒன்று போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும். ஓர் உலக்கை நின்றுபோன உரல் மாதிரி அப்போது தாளம் நொண்டும், விசில் கரகரக்கும்.

ஃபில்டரைக் கழற்றி இளைஞரின் கையில் கொடுத்தார். "டைனமோ மாத்துற காசை பேங்குல போடு தம்பி."

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி 'டைனமோ வேலை செய்யுதா' என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஏரி இல்லாமல் ஆறு கரை உடைக்கிற மாதிரி, அந்தக் கணத்தில் மின்னழுத்தம் நூறு வோல்ட் வரை எகிறலாம். செட்டோடு சேர்ந்து இன்ஜின் கம்ப்யூட்டரும் போய்விடலாம்.

காற்றில் வரும் விருந்தாளி

எல்லா இரைச்சலும் ஒயர் வழியே வருவதில்லை. பென்டிரைவில் பாட்டு சுத்தமாக இருந்து ரேடியோவில் மட்டும் கரகரத்தால், அது ஆன்டெனா வழியாக வருகிறது. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

பெட்ரோல் காரில் முதல் சந்தேகம் பிளக்கின் மேல். அதன் இடைவெளியில் பல ஆயிரம் வோல்ட் ஏறித்தான் பொறி பறக்கிறது. ரேடியோ அலையே முதலில் பிறந்தது பொறியில்தான். 1887-இல் ஹெர்ட்ஸ் தன் ஆய்வகத்தில் இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே பொறியைப் பறக்கவிட்டு அதை நிரூபித்தார். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு பிளக்கும் ஒரு குட்டி வானொலி நிலையம். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100 பொறி. 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை 'ஏ' நிலையத்தைத் தேடினால் குறுக்கே இந்த நிலையமும் ஒலிபரப்பும். டீசல் வண்டியில் பிளக் பொறியே கிடையாது. அங்கே இதே கரகரப்பு வந்தால் வேறு ஆளைத் தேட வேண்டும்.

1930-இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கியபோது அவர்களை மிகவும் படுத்தியது இந்தப் பொறிதான். பிளக்கின் வழியில் ஒரு மின்தடையை வைப்பது தீர்வானது. பொறியின் வேலை கெடாது, மின்சாரம் பாயும் வேகம் மட்டும் மட்டுப்படும். ரேடியோ அலை கிளம்புவது அந்த வேகத்திலிருந்துதான். இன்று பிளக்கின் மாதிரி எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அந்தத் தடை உள்ளேயே இருக்கிறது என்று பொருள். பிளக் மாற்றும்போது அந்த எழுத்தில்லாத பிளக்கைப் போட்டுவிட்டு ரேடியோவைத் திட்டுபவர்கள் உண்டு.

எஃப்.எம்.மில் இந்தத் தொல்லை குறைவு. பழைய மத்திய அலை ஒலிபரப்பில் பாட்டு அலையின் உயரத்தில் எழுதப்படுகிறது. பொறி கெடுப்பதும் உயரத்தைத்தான். எஃப்.எம்.மிலோ பாட்டு அலைகளின் நெருக்கத்தில் இருக்கிறது. உயரத்தில் ஏறிய அழுக்கை ரேடியோ வெட்டி எறிந்துவிடலாம். வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்களிலிருந்து கிளம்பும் உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே போகும்போது மத்திய அலை 'ஜ்ஜ்' என்று இரையும், எஃப்.எம். அசையாது. அந்த இரைச்சலுக்கு உங்கள் கார் பொறுப்பல்ல. இன்ஜினை அணைத்தாலும் அது நிற்காது.

மலிவான சார்ஜரும் எல்.இ.டி. விளக்கும் இதே குற்றத்தைச் செய்யும். அவற்றுக்குள் மின்சாரம் நொடிக்குப் பல ஆயிரம், சிலவற்றில் பல லட்சம் தடவை நின்று நின்று ஓடுகிறது. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

திருவள்ளூர் காரும் சிப்காட் உலையும்

இந்தப் பிரச்சினை பெட்ரோலோடு முடிந்துவிடவில்லை. 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்த திருவள்ளூர் ஆலையிலிருந்து இன்று சிட்ரோயன் கார்கள் வருகின்றன. 2023-இல் அதே ஆலையிலிருந்து மின்காரும் வந்தது. மின்காரில் ஆல்டர்னேட்டர் இல்லை, பிளக் இல்லை. அப்படியானால் இரைச்சலும் இருக்காது என்று நினைப்போம். ஆனால் மோட்டாரை ஓட்டும் பெட்டி பெரும் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதன் சிதறல் மத்திய அலையில் போய் விழும். வெளிநாடுகளில் சில நிறுவனங்கள் மின்கார்களிலிருந்து மத்திய அலை ரேடியோவையே எடுத்துவிட்டன. ஃபோர்டும் எடுக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 2023-இல் பின்வாங்கியது. அதனால்தான் ஒரு வண்டி எவ்வளவு இரைகிறது என்று அளப்பது இன்று தனித் துறை. இப்படிப்பட்ட குறுக்கீட்டுக்கு வரம்பு வகுக்க 1934-இலேயே ஒரு பன்னாட்டுக் குழு அமைந்தது. தரமணியில் சமீர் (SAMEER) ஆய்வு நிறுவனத்திலும், ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையத்திலும் இதற்கான சோதனைக்கூடங்கள் இருக்கின்றன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கும் தூண்டல் உலைகளுக்கும் நம் காருக்கும் ஒரு சொந்தம் உண்டு. உலைக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை முதலில் நேர்திசையாக்க வேண்டும். அதற்கும் அடிப்படை ஏற்பாடு மூன்று கம்பி, ஆறு வால்வுதான். வால்வு மட்டும் உள்ளங்கை அகலம். அது மின்சாரத்தைச் சீராகக் குடிக்காமல் விழுங்கு விழுங்காகக் குடிக்கும். ஒரே மின்பாதையில் தொங்கும் மற்றவர்களின் மின்னழுத்தம் அதற்கேற்ப நெளியும். மாடித் தொட்டியிலிருந்து வரும் ஒற்றைக் குழாயில் கீழ்வீட்டுக்காரர் பைப்பைத் திறந்தால் மேலே குளிப்பவருக்குத் தண்ணீர் மெலிகிற கதைதான். பெரிய உலைகளில் வால்வுகளைப் பன்னிரண்டாக்கி, மேடுகளைச் சிறிதாக்கிப் பொடிசெய்கிறார்கள்.

காரோ மின்கட்டமைப்போ, விதி ஒன்றுதான். வழி பொதுவானால் ஒருவரின் நடை இன்னொருவருக்கு அதிரும். அந்த அதிர்வை அழிக்க முடியாது. வழியை அகலப்படுத்தலாம், அடைப்பை நீக்கலாம், மென்மையான பயணிக்குத் தனிவழி தரலாம். நல்ல எர்த்தும் ஐசொலேட்டரும் செய்வது அவ்வளவுதான்.

ஆகவே, உங்கள் காரில் விசில் கேட்டால் பணத்தை எடுக்கும் முன் நான்கு காரியம் செய்யுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். இன்ஜினை அணைத்துச் சாவியில் மட்டும் கேளுங்கள். வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிக் கேளுங்கள். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்றுக்கும் காசு வேண்டாம். நான்காவதற்கு ஓர் உப்புத்தாள் போதும்.